தீராத பாக்கி

ஆப்பிரிக்கத் திரையின் கதை – 9

சென்ற இதழில் ‘மந்தாபி’ படத்தின் இப்ராஹிமா தியெங்கோடு நின்றோம். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன் அனுப்பிய மணியார்டர் அவர் பெயருக்கு வந்திருக்கிறது. அதை வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும், புகைப்படம் வேண்டும், நடுவில் நிற்பவர்களுக்குக் கைக்காசு வேண்டும். அலைந்து அலைந்து ஓய்ந்தபோது, கோட்டு போட்ட உறவுக்காரன் ஒருவன் பணத்தைச் சுருட்டிவிட்டான். அது 1968.

இருபது ஆண்டுகள் கழித்து உஸ்மான் செம்பேன் மறுபடியும் பணம் கேட்டு நிற்கும் ஆப்பிரிக்கனின் கதைக்கே வந்தார். இந்த முறை நிற்பது ஒருவர் அல்ல, ஒரு முகாம் நிறையச் சிப்பாய்கள். கேட்டது மணியார்டர் அல்ல, போர்க்கைதிகளாகக் கிடந்த காலத்துக்கான சம்பளம். பதிலாக வந்தது துப்பாக்கிச் சூடு. 1988-ல் வெளிவந்த ‘காம்ப் த தியாரோய்’, அதாவது ‘தியாரோய் முகாம்’, செம்பேனும் தியர்னோ ஃபாத்தி சோவும் சேர்ந்து இயக்கிய படம். ஆப்பிரிக்க சினிமா அரசியலை எப்படிக் கையாண்டது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தப் படத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். கதையில் மட்டும் அல்ல, படம் உருவான விதத்திலும் அரசியல் இருக்கிறது. யார் காசு, யார் கையில் என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் 1857 முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆள் சேர்த்து ஒரு படை வைத்திருந்தார்கள். பெயர் ‘செனகல் திராயர்கள்’. பெயரில்தான் செனகல். மாலி, கினி, ஐவரி கோஸ்ட், தஹோமி, நைஜர், அப்பர் வோல்டா என்று எல்லாக் காலனிகளின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது இவர்களில் பல்லாயிரம் பேர் ஜெர்மானியர் கையில் சிக்கினார்கள். பிடிபட்ட இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. லியோன் நகருக்கு அருகே ஷாஸ்லேயில் அவர்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மிஞ்சியவர்களைத் தங்கள் மண்ணுக்குக் கொண்டுபோக ஜெர்மானியருக்கு விருப்பமில்லை. பிரான்சிலேயே முள்வேலி போட்டு அடைத்தார்கள். நான்கு ஆண்டுகள்.

1944-ல் பிரான்ஸ் விடுபட்டது. நாடு திரும்பும் கைதிகளுக்குச் சிறையிருந்த காலத்துச் சம்பளத்தில் கால் பங்கைக் கப்பலேறும் முன்பும், முக்கால் பங்கை டக்காரில் இறங்கிய பிறகும் கொடுப்பதென்று விதி. நவம்பர் 5 அன்று பிரிட்டனி கடற்கரையில் மோர்லே துறைமுகத்திலிருந்து ‘சிர்காசியா’ என்ற ஆங்கிலேயக் கப்பல் கிளம்ப இருந்தது. கணக்கு தீராமல் ஏறமாட்டோம் என்று முந்நூறுக்கும் மேற்பட்டோர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். வழியில் காசாபிளாங்காவில் இன்னும் சில நூறு பேர் இறங்கிக்கொண்டார்கள். ஏனையோர் நவம்பர் 21 அன்று டக்கார் வந்து சேர்ந்தார்கள். ஊருக்கு வெளியே தியாரோய் முகாமில் அவர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

முக்கால் பங்கு வரவில்லை. கையிலிருந்த பிரெஞ்சு நோட்டுகளை உள்ளூர் நோட்டாக மாற்றுவதிலும் தகராறு. நவம்பர் 28 அன்று ஐந்நூறு பேரைப் பமாக்கோவுக்கு ரயிலேறச் சொன்னபோது, பணம் வாங்காமல் ஏறமாட்டோம் என்றார்கள். வீட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பணம் ஒருநாளும் வராது என்று அவர்களுக்குத் தெரியும். பேச வந்த ஜெனரல் தான்யானின் காரை மறித்தார்கள். அவர் வாக்குக் கொடுத்தார், வழி விட்டார்கள். முகாமைவிட்டு வெளியே வந்த ஜெனரல் அதற்குக் கலகம் என்று பெயர் வைத்தார்.

டிசம்பர் 1 காலையில் ஒரு டாங்கியும் கவச வண்டிகளும் படைப்பிரிவுகளும் முகாமைச் சுற்றி வளைத்தன. ஒன்பதரை மணிவாக்கில் சூடு தொடங்கியது. சுட்டவர்களிலும் திராயர் பிரிவினர் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செத்தவர்கள் 35 பேர் என்றது ராணுவ அறிக்கை. இன்னோர் அறிக்கை 70 என்றது. ராணுவக் காகிதங்களை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த வரலாற்றாசிரியர் அர்மெல் மபோன், எண்ணிக்கை முந்நூறைத் தாண்டும் என்று வாதிடுகிறார். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே கணக்கு குளறுபடி செய்யப்பட்டது என்பது அவர் வாதம். உயிர் பிழைத்தவர்களில் 34 பேரை 1945 மார்ச்சில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். லாமின் கேய் அவர்களுக்காக வாதாடினார். பத்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது. 1947-ல் விடுவித்தார்கள். விடுவித்தார்களே ஒழிய, நிரபராதிகள் என்று சொல்லவில்லை.

இதே 1944-ல் செம்பேனும் அந்தச் சீருடையில்தான் இருந்தார். கசமான்ஸ் பகுதியின் ஜிகிஞ்சோரில் மீனவர் ஒருவருக்குப் பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல் டக்காரில் கொத்தனாராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்த இளைஞர். பட்டாளத்தில் அவரை நைஜருக்கு அனுப்பினார்கள், லாரி ஓட்டினார். தியாரோயில் செத்தவர்கள் அவருக்கு வரலாற்றுப் பாத்திரங்கள் அல்லர், கூடப் பணிபுரிந்திருக்கக் கூடியவர்கள். பிறகு மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்ததும், முதுகெலும்பு முறிந்து படுத்ததும், தொழிற்சங்க நூலகத்தில் படித்து எழுத்தாளரானதும், நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோவுக்குப் போய் சினிமா கற்றதும் இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. எழுதப் படிக்கத் தெரியாத தன் மக்களிடம் நாவல் போய்ச் சேராது, படம் சேரும் என்பதற்காகவே அவர் கேமராவை எடுத்தார். சினிமா அவருக்கு மக்களின் மாலைநேரப் பள்ளி.

தியாரோய்க்கு முன்பு அவர் இன்னொரு படத்தில் இந்தப் போர்க்காலத்தைத் தொட்டிருந்தார். 1971-ல் வந்த ‘எமித்தாய்’. இரண்டாம் உலகப் போரின்போது கசமான்ஸில் டியோலா மக்களின் ஊர்களில் பிரெஞ்சு ராணுவம் நெல் பறித்த கதை. 1942-ல் எஃபோக் என்ற ஊரில் நடந்த அட்டூழியம்தான் அதற்கு வித்து. பெண்கள் நெல்லை ஒளித்துவைக்கிறார்கள். சிப்பாய்கள் அவர்களைச் சுடுவெயிலில் உட்காரவைக்கிறார்கள். ஆண்களோ, எந்தத் தெய்வத்துக்கு எதைப் பலி கொடுப்பது என்று கூடிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சுவரில் இருந்த மார்ஷல் பெத்தானின் சுவரொட்டியைக் கிழித்துவிட்டு ஜெனரல் தெகோலின் சுவரொட்டியை ஒட்டச் சொல்கிறார்கள். கறுப்புச் சிப்பாய்க்கு விளங்கவில்லை. ஏழு நட்சத்திர மார்ஷலின் இடத்துக்கு இரண்டு நட்சத்திர ஜெனரல் எப்படி வர முடியும்? பாரிஸில் ஆட்சி மாறியதெல்லாம் அந்த ஊருக்குச் சுவரொட்டி மாறியதுதான். நெல் கேட்பது நிற்கவில்லை. கடைசியில் திரை இருண்டுவிடுகிறது. வேட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

எஃபோக்கை நினைவில் வையுங்கள். தியாரோய் முகாமுக்குள் அது மறுபடி வரும்.

அதற்கு முன் படத்துக்கான பணம் பற்றிப் பேசியாக வேண்டும். காலனி காலத்தில் லாவால் ஆணையைக் காட்டி ஆப்பிரிக்கர்களைக் கேமராவின் பின்னால் நிற்கவிடாமல் தடுத்தார்கள். விடுதலைக்குப் பிறகு ஆணை போய் உதவித்தொகை வந்தது. பாரிஸின் ஒத்துழைப்பு அமைச்சகத்தில் 1963-ல் ஒரு சினிமா அலுவலகம் திறந்தார்கள். ஆப்பிரிக்க இயக்குநர்களுக்கு அது பணம் கொடுத்தது, படத்தொகுப்புக் கூடம் கொடுத்தது, படங்களின் உரிமையையும் வாங்கிவைத்துக்கொண்டது. நல்ல படங்கள் பல அதனால் பிறந்தன, மறுக்கவில்லை. ஆனால் செம்பேனின் ‘லா நுவார் த...’ திரைக்கதையை அந்த அலுவலகம் திருப்பி அனுப்பியது. பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டு வேலைக்காரியாக வந்து செத்துப்போகும் செனகல் பெண்ணின் கதைக்கு அங்கே இடமில்லை. ‘மந்தாபி’க்குப் பிரெஞ்சுப் பணம் கிடைத்தது. விலையாக, வோலோஃப் மொழியில் எடுத்ததையே பிரெஞ்சு மொழியிலும் ஒரு முறை எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த நிலையில் பிரெஞ்சு ராணுவம் தன் சிப்பாய்களையே கொன்ற கதையைப் பிரெஞ்சுப் பணத்தில் எடுக்க முடியுமா? செம்பேன் அந்த வாசலுக்கே போகவில்லை. செனகலின் அரசுத் திரைப்பட நிறுவனம், துனிசியாவின் அரசு நிறுவனமான சாத்பெக், அல்ஜீரியாவின் எனாப்ரோக், இவற்றோடு செம்பேனின் சொந்த நிறுவனமும் சேர்ந்து தயாரித்தன. மூன்று நாடுகளும் பிரான்சின் ஆட்சியில் இருந்தவை. சகாராவின் வடக்கும் தெற்கும் கைகோத்து, ஐரோப்பியக் கூட்டாளி இல்லாமல் இவ்வளவு பெரிய படத்தை எடுத்தது அதுவரை அரிதான காரியம். 1969-ல் உவாகடுகுவில் தொடங்கிய திரைப்பட விழாவில் ஆண்டாண்டாய்ப் பேசிவந்த ஆப்பிரிக்க ஒற்றுமை ஒருமுறை காசோலையாகவும் மாறியது என்பதே எனக்கு இதில் பெரிய செய்தி. கடன்பட்ட இடத்தில் கடனைக் கேட்க முடியாது என்பது செம்பேனுக்கு நன்றாகத் தெரியும்.

படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. கப்பலிலிருந்து இறங்கும் சிப்பாய்கள் அமெரிக்கச் சீருடையில் இருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பழைய சிவப்புக் குல்லாயையும் அரைக்கால் சட்டையையும் கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் போரிட்ட மனிதன் டக்காரில் இறங்கியதும் மறுபடி ‘பையன்’ ஆகிறான். இது செம்பேனின் கற்பனை மட்டும் அல்ல. அதே 1944 இலையுதிர் காலத்தில் பிரான்சில் தெகோலின் படையை ‘வெள்ளையாக்கும்’ வேலை நடந்தது. தெற்குப் பிரான்சை மீட்டுக் கொடுத்த கறுப்பு வீரர்களைக் குளிர் தாங்கமாட்டார்கள் என்று சொல்லி விலக்கி, வெள்ளை இளைஞர்களைச் சேர்த்தார்கள். சில இடங்களில் உடுப்பைக்கூட அங்கேயே கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

படத்தின் நடுநாயகம் தலைமை சார்ஜென்ட் தியாத்தா. படித்தவர். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் சரளம். அல்பினோனியின் இசையைக் கேட்கிறார், வெர்கோரின் நூலை வாசிக்கிறார். பிரான்சில் வெள்ளைக்கார மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட மனிதரைப் பார்க்க ஊரிலிருந்து உறவினர்கள் வருகிறார்கள். ஊர் எஃபோக். பிரெஞ்சு ராணுவம் ஊரை எரித்ததையும் பெற்றோர் செத்ததையும் அவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது. எந்தச் சீருடையை அவர் பிரான்சில் போட்டிருந்தாரோ, அதே சீருடை அவருடைய அம்மா அப்பாவைக் கொன்றிருக்கிறது. முகாமில் அவரை மதிக்கும் ஒரே வெள்ளை அதிகாரியான கேப்டன் ரேமோனிடம், நாஜிகள் பிரெஞ்சு ஊர்களில் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று வாதிடுகிறார். கேப்டன் நல்லவர். ஆனாலும் அந்த ஒப்பீட்டை ஏற்க அவரால் முடியவில்லை. தியாத்தா என்பது டியோலா மக்களிடையே சகஜமான குடும்பப் பெயர்தான். இருந்தாலும், பிரெஞ்சுக்காரர்கள் கைதுசெய்து திம்புக்டுவுக்கு நாடுகடத்தி, 1944-ல் அங்கேயே மரித்த டியோலா தலைவி அலின் சித்தோவேயின் குடும்பப் பெயரும் அதுவே. செனகல் பார்வையாளர் யாருக்கும் அவர் நினைவு வராமல் இருக்காது.

அடையாளம் என்ற சிக்கலை இந்தப் படம் வசனமாக விளக்குவதில்லை, உடம்பின் மேல் நடத்திக் காட்டுகிறது. தியாத்தா அமெரிக்கச் சீருடையில் டக்கார் நகரத்து மது விடுதி ஒன்றுக்குப் போகிறார். அமெரிக்கக் கறுப்பர் என்று நினைத்து மரியாதையாக உட்காரவைக்கிறார்கள். ஆப்பிரிக்கர் என்று தெரிந்த நிமிடமே வெளியே தள்ளுகிறார்கள். தெருவில் அமெரிக்க ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்து அடித்துப்போடுகிறது. அதே தோல், அதே உடுப்பு, ஒரே மாலைக்குள் மூன்று விதமான மனிதர். கோபத்தில் முகாம் சிப்பாய்கள் ஓர் அமெரிக்கச் சிப்பாயைப் பிடித்துவந்து வைத்துக்கொள்கிறார்கள். முகாமில் முதல் முறையாக அதிகாரிகள் பதறுவது அப்போதுதான்.

மொழியையும் கவனிக்க வேண்டும். ‘மந்தாபி’யை வோலோஃபிலும் ‘எமித்தாயை’ டியோலாவிலும் எடுத்துத் தாய்மொழிக்காக மல்லுக்கு நின்றவர் செம்பேன். இங்கே சிப்பாய்கள் பேசுவது பட்டாளத்து உடைந்த பிரெஞ்சு. வினைச்சொல் திரியாது, இலக்கணம் இருக்காது. அதிகாரிகள் அதை இளக்காரமாகப் பார்க்கிறார்கள். ஆனால் வேறுவேறு காலனிகளிலிருந்து வந்த இந்த மனிதர்களுக்குப் பொதுவாக இருப்பது அது ஒன்றுதான். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதும், அழுகிய சாப்பாட்டை மறுப்பதும், ஜெனரலைப் பிடித்துவைப்பது என்று முடிவெடுப்பதும் அந்த உடைந்த மொழியில்தான். எஜமான் கட்டளையிடக் கற்றுக்கொடுத்த மொழியில் ஒரு கண்டமே கூடிப் பேசுகிறது. விடுதலைக்கு முந்தைய ஆப்பிரிக்க நாடாளுமன்றம் ஒன்றை நான் திரையில் பார்த்தேன் என்றால் இந்த முகாமில்தான்.

இன்னொரு பாத்திரத்தை விட்டுவிட முடியாது. ஐவரி கோஸ்ட் நடிகர் சிதிக்கி பக்காபா நடித்தது. பூக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர், பேச்சு போய்விட்டது, தலையில் ஜெர்மானிய ஹெல்மெட். தோழர்கள் அவரை ‘பெயி’ என்று கூப்பிடுகிறார்கள், பிரெஞ்சில் நாடு என்று பொருள். தியாரோயின் முள்வேலியைத் தொட்டுப் பார்த்த கணத்தில் அவர் மனம் பூக்கன்வால்டுக்குத் திரும்பிவிடுகிறது. தோழர்கள் அவர் கையில் மண்ணை அள்ளிவைத்து, இது ஆப்பிரிக்கா என்று சமாதானப்படுத்துகிறார்கள். ஜெனரல் வாக்குக் கொடுத்த இரவில் எல்லோரும் ஆடிப்பாடித் தூங்கிய பிறகு, காவல் நிற்பவர் அவர்தான். டாங்கிகள் வருவதை முதலில் பார்ப்பவரும் அவரே. தட்டி எழுப்புகிறார்; சைகை காட்டுகிறார். மனம் பேதலித்தவன் பழைய கனவில் உளறுகிறான் என்று தோழர்கள் அவரைத் தள்ளிவிட்டுப் புரண்டு படுக்கிறார்கள்.

உண்மையில் சூடு நடந்தது காலையில். படத்தில் நள்ளிரவு கடந்து. வரலாற்றை மாற்றிவிட்டார் என்று செம்பேன் மேல் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை சரியாகப் படவில்லை. கோப்புகளில் பூட்டிவைத்த நிகழ்ச்சி அது. கேள்விப்பட்டதையும் பிழைத்தவர்களின் நினைவையும் கொண்டுதான் அவர் படம் எடுக்க வேண்டியிருந்தது. தூங்கும் மனிதர்கள்மேல் டாங்கி ஏறியது என்பது, சொன்ன வாக்கை நம்பிப் படுத்தவர்களுக்கு நேர்ந்த துரோகத்தின் உருவம். காவல்துறை அறிக்கையின் நேரக்குறிப்பை அவரிடம் கேட்பதில் பொருளில்லை. எண்ணிக்கையை மறைத்த அரசாங்கத்திடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். படம் சிப்பாய்களின் சாவோடு முடிவதும் இல்லை. டக்கார் துறையில் புதிதாகச் சேர்த்த இளைஞர்கள் பிரான்சுக்குக் கப்பலேறுகிறார்கள்.

1988 வெனிஸ் விழாவில் படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. பிரான்சிலோ அது பல்லாண்டுகள் திரையரங்குக்கே வரவில்லை. செனகலிலும் இந்தக் கதையை எல்லோரும் பேசிவிடவில்லை. முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் தாமே ஜெர்மானியரின் போர்க்கைதியாக இருந்தவர். படுகொலை நடந்த மாதமே தியாரோய் பற்றிக் கவிதை எழுதியவர். ஆனால் அவர் ஆட்சியில் செம்பேனின் ‘ஹாலா’வில் கத்திரி விழுந்தது. ‘செத்தோ’ தலைப்பின் எழுத்துக்கூட்டலைக் காட்டித் தடைசெய்யப்பட்டது. தியாரோயைப் படமாக எடுக்க அவர் ஆட்சி முடியவேண்டியிருந்தது.

இனி அந்தப் பாக்கியின் கதை. விடுதலைக்கு முன்னதாக 1959-ல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு, காலனி நாட்டு முன்னாள் சிப்பாய்களின் ஓய்வூதியத்தை அப்போதிருந்த தொகையிலேயே உறையவைத்தது. பிரெஞ்சுச் சிப்பாய்க்கு ஆண்டுதோறும் ஏறியது. அவனோடு ஒரே குழியில் படுத்துச் சண்டையிட்ட ஆப்பிரிக்கனுக்கு அங்கேயே நின்றது. இது மாறியது 2006-ல். ரஷீத் பூஷாரெப் இயக்கிய ‘அந்திழேன்’, வட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கதை, அந்த ஆண்டு கானில் நடிகர் பரிசு வாங்கியது. அதைப் பார்த்த குடியரசுத் தலைவர் ஷிராக், படம் திரைக்கு வந்த நாளிலேயே சுமார் 80,000 பேரின் ஓய்வூதியத்தை உயர்த்துவதாக அறிவிக்கச் செய்தார். பழைய ஆண்டுகளின் நிலுவை கிடையாது என்பதும் அதே முடிவில் இருந்தது. 2023 ஜனவரியில் ஓமார் சி நடித்த ‘திராயர்கள்’ வெளியான அதே வாரத்தில், உயிரோடிருந்த சில பத்து செனகல் முதியவர்கள் ஆண்டில் பாதியைப் பிரான்சில் கழிக்காமலே உதவித்தொகையோடு சொந்த ஊரில் வாழலாம் என்று அனுமதி வந்தது. அவர்களுக்கு அப்போது வயது தொண்ணூறை ஒட்டி.

இரண்டுமே பிரெஞ்சுப் பணம் இருந்த, பிரான்ஸ் திரையரங்குகளில் ஓடிய படங்கள். அவை செய்த நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டிலும் பிரான்சின் குற்றம் மறதிதான். செம்பேன் சாட்டியது கொலை. அதற்குப் பதில் வர இன்னும் காலம் பிடித்தது. 2014-ல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஒல்லாந்த் தியாரோய் இடுகாட்டில் நின்று சில ஆவணங்களை ஒப்படைத்தார். 2024 மே மாதம் ‘தியாரோய் முகாம்’ செப்பனிட்ட பிரதியாகக் கான் விழாவில் திரையேறியது. செம்பேன் இறந்து ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜூலையில் ஆறு பேரை மட்டும் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தவர்கள்’ என்று அறிவித்தார்கள். யார் எதற்காகச் செத்தார்கள் என்பதைப் பாரிஸ் தனியாக முடிவுசெய்ய முடியாது என்று செனகல் பிரதமர் உஸ்மான் சோன்கோ சினந்தார். நவம்பரில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன், செனகல் குடியரசுத் தலைவர் பஸ்ஸிரு தியோமாய் ஃபாயேக்கு எழுதிய கடிதத்தில் நடந்தது படுகொலை என்று ஒப்புக்கொண்டார். 2025-ல் இடுகாட்டை அகழ்ந்து பார்க்கும் வேலையைச் செனகல் தொடங்கியது. சுடப்பட்டவர் ஒருவரின் மகன், தள்ளாத வயதில், தந்தைக்குச் சேரவேண்டிய சம்பளத்தைக் கேட்டுப் பிரான்சின் நீதிமன்றங்களில் வழக்காடி வருகிறார்.

அடுத்த இதழில்: 1899-ல் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற அரசி சரவுனியாவைப் பற்றி மெத் ஹோந்தோ எடுத்த படமும், அவருக்குப் படப்பிடிப்பு நடத்த இடம் கொடுத்த தோமா சங்காராவின் புர்கினா ஃபாசோவும்.

(தொடரும்)